பாலத்தில் நிறுத்திய வண்டி

முடிச்சூர் என்று சொன்னதுமே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'ஐயோ, தண்ணி நிக்குற ஏரியாவாச்சே' என்பார்கள். பெண் பார்க்க வருகிறவன் சொல்வான், வீட்டுக்கு லோன் கொடுக்க வருகிறவன் சொல்வான், கூரியர் கொண்டுவருகிறவன்கூடச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவான். அபிகாயிலுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஆனால் கழுத்தில் டை கட்டிய ஒருவன், அவளுடைய காரை எட்டிக்கூடப் பார்க்காமல், வீடு எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு அதையே சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடியும் ஏசியுமாக நிற்கும் ஒரு சர்வீஸ் சென்டர் அது. டை கட்டியவன் பெயர் ராஜகோபால். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தான்.

"சொல்லுங்க மேடம், என்ன ப்ராப்ளம்?"

"சிக்னல்ல நின்னு கிளம்பும்போது கொஞ்ச நேரம் யோசிக்குது. அப்புறம் பின்னாடி யாரோ இடிச்ச மாதிரி ஒரு தள்ளு தள்ளிட்டுப் போகுது. நேத்து வண்டலூர்ல நடு ரோட்லயே நின்னுபோச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான்."

"ஓகே மேடம். வீடு எந்த ஏரியா?"

"முடிச்சூர்."

ராஜகோபால் தலையை ஆட்டினான். விரல் டேப்லெட்டில் ஓடியது. "டிசம்பர் மழையில தண்ணி உள்ள போயிருக்கு மேடம். வாட்டர் என்ட்ரி. கியர்பாக்ஸை அப்படியே மாத்தணும். வாரண்டி வராது."

கார் கண்ணாடிக்கு வெளியே வெயிலில்தான் நின்றது. அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எங்க வண்டி தண்ணியில நிக்கவே இல்லையே. மழைக்கு முன்னாடியே பெருங்களத்தூர் மேம்பாலத்துல ஏத்திட்டோம். இதோ போட்டோ," என்று அபிகாயில் போனை நீட்டினாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாகக் கார்கள், நடுவில் அவளுடைய நீல வண்டி.

"எல்லாரும் போட்டோ காட்டுறாங்க மேடம்."

"சரி, அப்போ ஆயிலைத் திறந்து பாருங்க. தண்ணி கலந்திருந்தா கலர்லயே தெரிஞ்சிடுமே."

"அது சீல்டு யூனிட். லைஃப்டைம் ஆயில். திறக்கக் கூடாது, ரூல் இருக்கு."

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்! பெட்டியைத் திறக்கக் கூடாதாம். திறக்காமலே உள்ளே தண்ணீர் இருப்பது தெரிந்துவிடுமாம். ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது தப்பாம், மொத்தப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைப்பது சரியாம். இதை அவன் கொஞ்சமும் கூசாமல், ஏசிக் காற்றில் நின்றுகொண்டு சொன்னான்.

அபிகாயிலுக்கு முன்னால் அவள் கணவன் ஜீவானந்தத்துக்குத்தான் கோபம் வெடித்தது. தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், பஸ் கண்டக்டரிடம்கூடக் குரலை உயர்த்தாத ஆசாமி, அன்றைக்கு மேஜையைத் தட்டினான். "என் ஒய்ஃப் பொய் சொல்ற ஆள் கிடையாது சார்! யார்கிட்ட என்ன பேசுறீங்க?"

காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில்தான் அபிகாயில் தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் சத்தியம் பண்ணும் பழக்கம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னால்கூட அவள் அப்பா வாயில் ஒன்று போடுவார். அப்படி வளர்ந்தவள், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கர்த்தர் மேல சத்தியமா சொல்றேன், என் வண்டி தண்ணியில போகவே இல்ல," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ராஜகோபால் அதற்கும், "புரியுது மேடம்," என்றான். புரிந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கார் போனால் இன்னொன்று என்று விட முடியாததற்குக் காரணம் இருந்தது. அபிகாயிலுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டைகள் வைத்த காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். மறைமலை நகரில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் முழுக்க அவள் பொறுப்பு. வருஷக்கணக்காக அவள் கம்பெனி பஸ்ஸில்தான் போனாள். அந்தப் பஸ்ஸின் முதல் படி அவள் முழங்கால் உயரம். தினமும் யாராவது ஒருவர் அக்குளில் கை கொடுத்து ஏற்றிவிடுவார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் மூட்டை மாதிரி ஏற்றப்படுவதில் என்ன சுகம் இருக்கிறது?

ஆட்டோமேட்டிக் கார் வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. கிளட்ச் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை. வலது கால் ஒன்று போதும். தெருவில் சில பேர் அதை 'லேடீஸ் வண்டி' என்று கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அபிகாயில் கதவைச் சாத்தி, சாவியைத் திருகி, ஒருவர் கையையும் பிடிக்காமல் ஆபீஸ் போனாள், வந்தாள். இப்போது அந்த வண்டி நின்றுபோனால் திரும்பவும் அந்த முதல் படி.

வண்டி தண்ணீரில் போகவில்லை என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. மழை எச்சரிக்கை வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கப் போவார்கள். முடிச்சூர்க்காரர்கள் முதலில் காரை மேம்பாலத்துக்குக் கொண்டுபோவார்கள். இப்போதெல்லாம் போலீஸ்காரர்களே ஒன்றும் சொல்வதில்லை. பாலத்தில் நிறுத்திவிட்டு மழையில் நடந்து திரும்ப அவளால் முடியாது என்பதால், அந்த வேலை மட்டும் ஜீவானந்தத்துடையது. போன டிசம்பரிலும் அவன்தான் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போட்டோ அனுப்பினான். எதிர் வீட்டு அக்தர் அண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தான்.

மழை விட்டதும், "வண்டி எப்போ வரும்? திங்கக்கிழமை ஆபீஸ் போகணுமே," என்று அவள் கேட்டாள். அவன் போய் எடுத்து வந்தான். சும்மா எடுத்து வரவில்லை. பாலத்தில் நின்று சேறடித்துக் கிடந்ததாம், அதனால் மெயின் ரோட்டில் வாட்டர் வாஷ் கொடுத்து, உள்ளே சீட்டெல்லாம் சுத்தம் செய்து, எலுமிச்சை வாசனை வரும் ஒரு டப்பாவையும் கண்ணாடிக்குக் கீழே மாட்டிக் கொண்டுவந்திருந்தான். அந்த வாசனை அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அவன் ஆசையாக வாங்கிவந்தது என்று கழற்றாமல் வைத்திருந்தாள். ஆபீஸில் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். "நானே திறந்து பாக்கறேன்," என்றாள்.

"எதை?"

"கியர்பாக்ஸ் ஆயிலை. வீட்லயே மாத்தப்போறேன். பழைய ஆயில் கருப்பா வரட்டும், பாட்டில்ல பிடிச்சு அவன் மூஞ்சிக்கு நேரா வைக்கறேன்."

ஜீவானந்தம் பதறிவிட்டான். "வேணாம் அபி. நமக்கு எதுக்கு இந்த வேலை? வித்துட்டு வேற பாத்துக்கலாம். அதுவரைக்கும் நான் தினம் உன்னை ட்ராப் பண்றேன்."

"தண்ணியில போன வண்டின்னு எழுதி வெச்சிருக்கான். அதை யார் வாங்குவா? முதல்ல அவன் எழுதினது பொய்யின்னு ஆகணும்."

"தாம்பரத்துல மெக்கானிக் யார்கிட்டயாவது..."

"கேட்டேன். ஆட்டோமேட்டிக்கான்னு கேட்டுட்டுக் கையைக் கட்டிக்கிறாங்க."

அப்போதும் அவன் விடவில்லை. ஒரு வாரம் முதுகு வலி என்றான், அடுத்த வாரம் அத்தை வீட்டு ஜெபக்கூட்டம் என்றான். பாவம், பயப்படுகிறான் என்று அபிகாயில் நினைத்தாள். அவளுக்கு அது ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. நாளெல்லாம் போல்ட்டும் வாஷரும் எண்ணெய் டின்னும்தான் அவள் கைவழியே போகின்றன. வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தாள். தெரிந்தவர்கள் செய்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ரக ஆயிலை, ஸ்டோர்ஸ்காரியின் புத்தியோடு, தேவைக்கு மேலேயே வாங்கி வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை சாப்பிட்டு முடித்ததும் வேலை ஆரம்பமானது. வெள்ளத்துக்குப் பிறகு மண் கொட்டி உயர்த்திய வீடு என்பதால் அவர்கள் முன்வாசல் தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும். வண்டி சமமாக நின்றால்தான் ஆயில் அளவு சரியாகத் தெரியும். அக்தர் அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவர், ஜாக்கியும் இரும்பு ஸ்டாண்டுகளும் கொண்டுவந்து நான்கு பக்கமும் ஏற்றிக் கொடுத்தார். அபிகாயில் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைக் கதவுக்குக் கீழே வைத்து, குமிழி நடுவில் வரும்வரை அவரை விடவில்லை.

"இன்னாக்கா, கார் ஆயிலு மாத்துறியா, வூடு கட்டுறியா?" என்று சிரித்தார் அவர்.

"அளவு தப்பாப் போச்சுன்னா அந்த டைக்காரன் அதையும் சேர்த்து எழுதுவான் அண்ணே."

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, லேசாகச் சூடானதும் அணைத்தாள். முதலில் மேலே ஊற்றும் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தாள். கீழே வடித்துவிட்ட பிறகு மேலே திறக்க வரவில்லை என்றால் வண்டி அப்படியே நிற்க வேண்டியதுதான், அதனால் இது முதலில். அது திறந்தது. பிறகு காலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழைய பாயின் மேல் படுத்து, முதுகால் நகர்ந்து வண்டிக்கு அடியில் போனாள். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மல்லாந்து படுத்துவிட்டால் கால் என்ன செய்யப்போகிறது? கை இரண்டும் இருக்கிறது, கை இரண்டிலும் பலம் இருக்கிறது. காலிப்பரோடு வாழ்கிறவர்களின் கைப்பலம் மற்றவர்களுக்குத் தெரியாது.

"பேசினைத் தள்ளுங்க," என்றாள். ஜீவானந்தம் துணி துவைக்கும் பிளாஸ்டிக் பேசினைத் தள்ளினான்.

ஸ்பேனர் ஒரு முறை வழுக்கியது. இரண்டாவது முறை 'டக்' என்று போல்ட் இளகியது. விரலால் சுற்றிச் சுற்றி எடுத்தாள். ஆயில் மணிக்கட்டில் வழிந்து பேசினில் விழுந்தது. புதிதில் இந்த ஆயில் நல்ல சிவப்பாக இருக்கும். ஓடிப் பழசானால் கருஞ்சிவப்பாகி, கடைசியில் டிகாஷன் நிறத்துக்குக் கறுக்கும். அவள் கறுப்பை எதிர்பார்த்துத்தான் போன் வெளிச்சத்தைத் திருப்பினாள்.

பேசினில் ரோஸ் மில்க் இருந்தது.

சந்தேகத்துக்கே இடமில்லை. கோடையில் கடை வாசலில் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்களே, அதே நிறம், அதே கெட்டி, மேலே நுரைகூட. சிவப்பு ஆயிலோடு தண்ணீர் கலந்து, பெட்டிக்குள் அடித்துக் கலக்கினால் மட்டுமே வருகிற நிறம்.

அபிகாயில் முதலில் பாலத்தில் பெய்த மழையை நினைத்தாள். மழை மேலே பெய்தால் அங்கே போகாது. பெட்டியின் தலையில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, சூடான வண்டி பம்பர் முங்கும் தண்ணீரில் இறங்கினால்தான் அது வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அப்படியானால் யாரோ வண்டியைத் தண்ணீரில் ஓட்டியிருக்க வேண்டும். அவள் ஓட்டவில்லை. சாவி இந்த வீட்டில் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது.

அடியிலிருந்து பார்த்தால் அவளுக்கு ஜீவானந்தத்தின் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. பேசினுக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கால்கள் ஒரு அடி பின்னால் போயின. 'என்ன அபி இது கலர்' என்று கேட்டிருக்க வேண்டிய மனிதன் ஒன்றுமே கேட்கவில்லை.

எலுமிச்சை வாசனை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முதுகால் நகர்ந்து வெளியே வந்தாள். எழுந்திருக்கவில்லை, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "சொல்லுங்க," என்றாள்.

அக்தர் அண்ணன் பேசினைப் பார்த்தார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "நா அப்பாலிக்கா வந்து ஜாக்கிய எடுத்துக்கறேன்க்கா," என்று கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

"அபி... நீ திங்கக்கிழமை வண்டி வேணும்னு சொன்ன," என்று ஆரம்பித்தான் ஜீவானந்தம். "ரோடு க்ளியர்னு பாலத்துல எல்லாரும் சொன்னாங்க. நானும் இறக்கினேன். நம்ம தெருவுக்கு முன்னாடி அந்த வளைவுல மட்டும் தண்ணி. முன்னாடி ஒரு பஸ் போச்சு. பஸ் பின்னாடியே போயிடலாம்னு விட்டுட்டேன். பஸ்ஸு போன அலை திரும்பி வந்து பானெட் மேலயே அடிச்சிடுச்சு."

"அப்புறம்?"

"வண்டி ஆஃப் ஆகல அபி. மெதுவா வெளிய வந்துடுச்சு. கால் வைக்கிற இடத்துலதான் கொஞ்சம் தண்ணி. கடையில குடுத்துக் காய வெச்சேன். நல்லாத்தானே ஓடிச்சு. ஒண்ணும் ஆகலன்னு நெனச்சேன்."

"சர்வீஸ் சென்டர்ல அவன் தண்ணின்னு சொன்னப்போ?"

அவன் அவளுடைய காலிப்பரை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மேஜையைத் தட்டுனீங்களே, அப்போ தெரியுமா தெரியாதா?"

"நீ அவ்ளோ நம்பிக்கையா பேசிட்டிருந்த. நடுவுல எப்படிச் சொல்றது? உன்னை எல்லார் முன்னாடியும்..." அவன் வண்டியைப் பார்த்தான். "அந்த வண்டி மேல நீ உயிரையே வெச்சிருக்க. சொன்னா நீ தாங்க மாட்டன்னு..."

அங்கேதான் தப்பு செய்தான். தண்ணீரில் விட்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். முடிச்சூரில் பஸ் பின்னால் போகாத கார்க்காரன் யார் இருக்கிறான்? ஆனால் 'தாங்க மாட்டாள்' என்கிற அந்த வார்த்தையை அபிகாயில் நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கால் இனிமேல் சரியாகாது என்று டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார், குழந்தை தாங்க மாட்டாளாம். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு அவளிடம் மட்டும் தேதி சொல்லவில்லை, தெரிந்தும் போக முடியாவிட்டால் தாங்க மாட்டாளாம். எல்லாவற்றையும் எல்லோரும் அவளுக்குத் தெரியாமல் பேசி, அவளுக்குத் தெரியாமல் முடித்து, கடைசியில் சிரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த வரிசையில் இவன் போய் நிற்க மாட்டான் என்றுதான் இவனைக் கட்டிக்கொண்டாள்.

"தாங்க மாட்டேனா?" என்றாள். குரல் உயரவில்லை. "ஒத்தக் கால்ல இந்த உடம்பைத் தாங்கிட்டு நாப்பது வருஷமா நிக்கிறேன். நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

"அபி, தப்புதான்..."

"வண்டி வேணும்னு சொன்னேன். பொய் வேணும்னு சொன்னேனா? கர்த்தர் பேரைச் சொல்லி சத்தியம் பண்ணேங்க அங்க. என் அப்பா இருந்திருந்தா வாயிலேயே போட்டிருப்பார். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை, என் கையைப் புடிச்சு 'வா போலாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சத்தியம் பண்ணியிருப்பேனா?"

அத்தனை கோபத்திலும் அவள் 'நீங்க' என்றுதான் சொன்னாள். அதுதான் ஜீவானந்தத்துக்கு அதிகம் பயமாக இருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கே தன் மேல் எரிச்சலாக இருந்திருக்கும்.

"சட்டையைக் கழட்டிட்டு உள்ள போங்க," என்றாள்.

"எங்க?"

"வண்டிக்கு அடியில. போல்ட்டைப் போடுங்க. புது வாஷர் அந்த டப்பால இருக்கு. ரொம்ப இறுக்காதீங்க, மரை போயிடும்."

தண்ணீர் கலந்த பெட்டியை ஒரு தரம் வடித்தால் போதாது. கீழே வடிவது பாதிதான், மீதி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புது ஆயில் ஊற்ற வேண்டும், எஞ்சினை ஓட்டிக் கியரை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், திரும்பவும் வடிக்க வேண்டும். அபிகாயில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக் கியரை நகர்த்திவிட்டுக் காலை எடுத்தாள். ஸ்டாண்டு மேல் நின்ற வண்டியின் முன் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. சுற்றி முடித்து அணைத்ததும் ஜீவானந்தம் அடியில் போனான். கழற்றும்போது சூடான ஆயில் முழங்கை வரை வழிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

இரண்டாவது தரம் வந்தது வெளிறிய சிவப்பு. மூன்றாவது தரம் கிட்டத்தட்டப் புது ஆயிலின் நிறம். கடைசியாக ஊற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே பக்கவாட்டில் இருக்கும் அளவு போல்ட்டைத் திறந்தால் ஒரு இழை மட்டும் கசிந்தது. அளவு சரி. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. முதலில் வடித்த ரோஸ் மில்க்கை அவள் ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஸ்டோர்ரூமில் வைத்தாள்.

"இதை எதுக்கு அபி வெச்சிருக்க?"

"சத்தியத்தைத் திருப்பி எடுக்கணும்."

அன்று மாலை அவள் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர் வரை போய்வந்தாள். கிளம்பும்போது ஒரு சின்ன உதறல் இன்னும் பாக்கி இருந்தது. தள்ளு இல்லை, நிற்கவில்லை. வண்டலூர் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியபோது அவளுக்கு அழுகை வந்தது. எலுமிச்சை டப்பாவைக் கழற்றி ஜன்னல் வழியாக வீச நினைத்தாள், ரோட்டில் குப்பை போடுவது பிடிக்காமல் வீட்டுக் குப்பைத்தொட்டியில் கொண்டுவந்து போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அதே சர்வீஸ் சென்டர். அபிகாயில்தான் ஓட்டினாள். ஜீவானந்தம் பக்கத்தில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் என்ன சொல்லணும்?" என்று வழியில் கேட்டான். "என்னைக் கேக்காதீங்க," என்றாள் அவள்.

உள்ளே ராஜகோபால் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தான். "வீடு எந்த ஏரியா சார்?"

"வரதராஜபுரம் தம்பி."

முடிச்சூருக்கு அடுத்த ஊர் அது. ராஜகோபால் தலையை ஆட்டினான். அதே ஆட்டு. விரல் டேப்லெட்டில் ஓடியது.

அபிகாயில் நேராகப் போய்ப் பாட்டிலை அவன் மேஜை மேல் வைத்தாள். காலிப்பர் தரையில் மோதும் சத்தத்துக்கே பாதிப் பேர் திரும்பியிருந்தார்கள். "என்னை ஞாபகம் இருக்கா?" என்றாள். "போன தடவை இதே இடத்துல நின்னு, என் வண்டி தண்ணியில போகலன்னு சத்தியம் பண்ணேன். அது தப்பு. போயிருக்கு. வீட்ல திறந்து பாத்தேன், இதுதான் வந்துச்சு. எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் எடுத்துக்கறேன்."

ராஜகோபாலுக்கு முகமெல்லாம் பல். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே மேடம்."

"சொன்னீங்க. எதைப் பாத்துச் சொன்னீங்க?"

"என்ன மேடம்?"

"போல்ட்டைத் திறந்து பாத்தீங்களா? வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தீங்களா? வாசல் வரைக்கும் வந்தாவது பாத்தீங்களா? அந்த வண்டி மழை முழுக்கப் பாலத்துலேயே நின்னிருந்தாலும் இதையேதானே எழுதியிருப்பீங்க?"

"பாக்கவே வேணாம் மேடம்." அவன் பெரியவரையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்தான். "அட்ரஸ் கேட்டாலே தெரிஞ்சிடும். முடிச்சூர்னா தண்ணிதான்."

இவன் சொன்னது நிஜமாகிப்போனதுதான் அபிகாயிலின் வாயை அடைத்தது. பார்க்காமல் சொன்னவன் ஜெயித்து நிற்கிறான், பார்த்துச் சொன்னவள் தோற்று நிற்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது?

பின்னால் நின்ற ஜீவானந்தம் முன்னால் வந்தான். போன தடவை தட்டிய அதே மேஜையில் இப்போது கையை மட்டும் ஊன்றினான். அவன் சட்டைக் கைக்குக் கீழே ஆயில் சுட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"முடிச்சூர் இல்ல சார்," என்றான். அது ஹால் முழுக்கக் கேட்டது. "பாலத்துல பத்திரமா நின்ன வண்டியை நான்தான் இறக்கித் தண்ணியில விட்டேன். விட்டுட்டு என் ஒய்ஃப் கிட்ட மறைச்சேன். அவங்க சத்தியம் பண்ணும்போதும் தெரிஞ்சே சும்மா இருந்தேன். இதுல எங்க ஊருக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. நான்தான்."

வரதராஜபுரத்துப் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "தம்பி, எழுதினதை அழிப்பா," என்றார். "முதல்ல வந்து என் வண்டியைத் திறந்து பாரு."

ராஜகோபால் டேப்லெட்டைப் பார்த்தான், மேனேஜர் அறையைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் டையைச் சட்டைப் பொத்தானுக்குள் செருகிக்கொண்டு வெயிலுக்கு வந்தான். அபிகாயில் வாசல் வரை நடந்து, அவன் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கும்வரை நின்று பார்த்தாள். பிறகுதான் சாவியை எடுத்தாள்.